டிவி நாடகங்களில் இழப்பும் மறு தொடக்கமும்: சுங்கை சிப்புட்டில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சுங்கை சிப்புட், மலேசியாவில் ஈப்போவுக்கு வடக்கே கோலகங்சார் போகும் வழியில் இருக்கும் ஊர். சுற்றிலும் முன்பு ரப்பர், இப்போது பெரும்பாலும் செம்பனை. தோட்டத்தை விட்டு வந்தவர்கள் இங்கே தாமான்களில், அதாவது வீடமைப்புப் பகுதிகளில், குடியிருக்கிறார்கள். இருட்டியதும் வரிசை வீடுகளில் பாதிக்கு மேல் ஒரே தொடரின் பாட்டுதான் கேட்கும். நாடகம் பார்க்கிற ஆள் என்று ஊரில் எனக்கு ஒரு பெயர் உண்டு. அதனால் கல்யாண வீட்டிலும் கருமாதி வீட்டிலும் யாராவது பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்து கேட்டுவிடுவார்கள். அப்படித் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை. ஒத்துக்கொள்ளாதவர்கள் அடுத்த விசேஷத்தில் சண்டைக்கு வரலாம்.

எந்த நாடகத்தைத் திறந்தாலும் யாராவது சாகிறார்கள், இல்லையென்றால் வீட்டை விட்டுத் துரத்தப்படுகிறார்கள். ஒரு குடும்பத்தைச் சந்தோஷமாகக் காட்டவே மாட்டார்களா?

காட்டுவார்களே, முதல் இரண்டு வாரம்.

நாடகம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். வாரம் ஐந்தாறு நாள், அரை மணி நேரத்தில் விளம்பரம் போக இருபது நிமிடத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கதை. சன் டிவியில் வந்த ‘மெட்டி ஒலி’ 811 எபிசோட், ‘கோலங்கள்’ 1,533 எபிசோட். சினிமாவுக்குப் படப்பிடிப்புக்கு முன்பே முடிவு தெரியும். நாடகத்தில் அப்படியில்லை, இங்கே ஒளிபரப்பு ஓடிக்கொண்டிருக்க, அங்கே எழுதிக்கொண்டிருப்பார்கள். கதை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் வெளியே வர ஒரு வழி வேண்டும். ஓர் ஆளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டால் மற்ற எல்லோரும் இடம் மாறியாக வேண்டும். அண்ணன் செத்தால் அண்ணி யார் வீட்டில் இருப்பது, கடையை யார் பார்ப்பது, கடனை யார் கட்டுவது என்று ஆறு மாதத்துக்குக் கதை கிடைத்துவிடும்.

இன்னொரு காரணம் ரேட்டிங். இந்தியாவில் அது வாரந்தோறும் வருகிறது, விளம்பரப் பணம் அதைப் பார்த்துத்தான் பேசப்படுகிறது. கல்யாணமும் சாவும் அந்த எண்ணை ஏற்றும். வெள்ளி, சனிக்கிழமையில் யாராவது மயங்கி விழுவதற்கும் ஜாதகத்துக்கும் சம்பந்தமில்லை.

இழப்பு என்றால் சாவு மட்டும்தானா?

இல்லை, நல்ல நாடகங்களில் சாவு கொஞ்சம்தான். ‘கோலங்கள்’ கதையில் அப்பா உயிரோடு இருக்கிறார், இன்னொரு குடும்பத்தோடு. அவர் இல்லாத வீட்டை மகள் அபி சுமக்கிறாள். ‘பாரதி கண்ணம்மா’வில் கணவன் சந்தேகப்பட்டதால் கர்ப்பிணி மனைவி பையைத் தூக்கிக்கொண்டு நடந்தாள், நாள் கணக்கில் நடந்துகொண்டே இருந்தாள். 2020-ல் அதை வைத்து ஊரெல்லாம் கேலிப் படம் போட்டார்கள். நானும் சிரித்தேன். ஆனால் போக இடமில்லாத பெண் நடந்துகொண்டேதான் இருக்க வேண்டும் என்பதை எடுத்தவர்கள் தெரிந்து செய்தார்களோ தெரியாமல் செய்தார்களோ, அது அந்த நடையில் இருந்தது.

எனக்கு மிகவும் பிடித்தது ‘மெட்டி ஒலி’ சிதம்பரம். திருமுருகன் இயக்கி 2002 முதல் 2005 வரை வந்த தொடர். மனைவி இல்லாமல் ஐந்து பெண்களை வளர்க்கும் அப்பாவாக டெல்லி குமார் நடித்தார். அவர் மனைவியை இழந்தது கதை தொடங்குவதற்கு முன்பே முடிந்துபோன விஷயம். அதைப் பற்றிப் பெரிதாக வசனம் வேண்டியதில்லை, வீட்டில் எல்லாமே அதைத்தான் சொல்லும். ஒவ்வொரு மகளுக்கும் மாப்பிள்ளை தேடி அலைகிறார். ஒவ்வொரு கல்யாணம் முடிந்ததும் அவர் வீட்டில் ஓர் ஆள் குறைகிறது. தான் ஆசைப்பட்டுச் செய்த காரியமே தன்னைத் தனியாக்குகிறது. எங்கள் ஊர் அப்பாக்கள் அந்தத் தொடரைப் பேப்பர் படிப்பது போல் முகத்தை மறைத்துக்கொண்டுதான் பார்த்தார்கள்.

கடைசியில் நாயகி எழுந்து நிற்கிறாளே. அப்புறம் ஏன் குறை சொல்கிறீர்கள்?

எழுந்து நிற்பதில் எனக்குக் குறை இல்லை. எழுந்து எங்கே போகிறாள் என்பதுதான் என் கேள்வி. போனதைத் திரும்ப வாங்குவது ஒரு கதை. போனது போனதுதான் என்று தெரிந்து, அது இல்லாமலே பிழைக்கத் தொடங்குவது வேறொரு கதை. நம் நாடகங்கள் பெரும்பாலும் முதல் கதையைச் சொல்லிவிட்டு இரண்டாவது கதைக்குரிய கைதட்டலை வாங்கிக்கொள்கின்றன.

இது இன்று நேற்று வந்த பழக்கமில்லை. தோட்டங்களில் திருவிழாவுக்கு மேடை கட்டி விடிய விடிய நாடகம் போட்ட காலத்தில் அரிச்சந்திரனுக்கு எப்போதும் இடம் உண்டு. நாடு போகும், மனைவியை விற்பான், மகன் பாம்பு கடித்துச் சாவான், அரசனாக இருந்தவன் சுடுகாட்டில் பிணம் எரிப்பான். மயான காண்டத்தில் சந்திரமதி மகனை மடியில் போட்டு அழும்போது காலையில் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்துக்கு) போக வேண்டியவர்களும் உட்கார்ந்து அழுவார்கள். விடியப்போகும் நேரத்தில் கடவுள் தோன்றுவார். மகன் எழுந்துவிடுவான், நாடு வரும், மகுடம் வரும். அழுத மாதிரியும் ஆச்சு, நிம்மதியாக வேலைக்குப் போன மாதிரியும் ஆச்சு.

சென்னைத் தொடர்கள் இந்த வழியில் வந்தவைதான். ஏமாற்றிப் பிடுங்கிய சொத்துப் பத்திரம் கடைசி மாதத்தில் பீரோவிலிருந்து கிடைக்கும். கெட்டவன் ஜெயிலுக்குப் போவான், இல்லை காலில் விழுவான். எல்லோரும் அதே பங்களா வாசலில் நின்று போட்டோ எடுப்பார்கள். இடையில் வந்த ஆயிரம் எபிசோடும் ஒரு கெட்ட கனவு மாதிரி கலைந்துவிடும்.

விலக்குகளும் இருக்கின்றன. திருச்செல்வத்தின் ‘கோலங்கள்’ 2003 முதல் 2009 வரை ஓடியது. தேவயானி நடித்த அபி, பேராசைக்காரக் கணவன் பாஸ்கரை விவாகரத்து செய்கிறாள். அதன்பின் அவளுடைய நாட்கள் கட்டுமானத் தொழிலைச் சுற்றிப் போகின்றன: டெண்டர், மேஸ்திரி, சிமெண்ட், வங்கி. ஒரு பெண் வேலையை நம்பி எழுந்து நிற்பதை இவ்வளவு நீளமாக அதற்கு முன் நான் பார்த்ததில்லை. ஆனால் பிற்பாதியை ஆதி விழுங்கிவிட்டான். அப்பாவின் மற்றொரு மகனான அவன் அபியை அழிப்பதையே தொழிலாகக் கொண்டதும் சிமெண்டும் மேஸ்திரியும் பின்னால் போய்விட்டார்கள். எனக்கு அதில் இன்றைக்கும் வருத்தம்.

விஜய் டிவியின் ‘பாக்கியலட்சுமி’ 2020 ஜூலையில் தொடங்கி ஐந்து ஆண்டு ஓடியது. சுசித்ரா நடித்த பாக்யாவுக்கு வளர்ந்த பிள்ளைகள் இருக்கிறார்கள், ஆங்கிலம் தடுமாறும், அதற்காகக் கணவன் கோபி அவளை மட்டம் தட்டுவார். கோபி தன் பழைய காதலியைக் கல்யாணம் செய்துகொள்ள, பாக்யா சமையலைத் தொழிலாக்குகிறாள். மூலக்கதை 2019-ல் வந்த ‘ஸ்ரீமொயி’ என்ற வங்காளத் தொடர்; இந்தியில் ‘அனுபமா’வாக வந்ததும் இதே கதைதான். பேரன் பேத்தி எடுக்கும் வயதில் ஒரு பெண் புதிதாகத் தொடங்குவதைப் பார்க்க இத்தனை மொழிக்காரர்கள் காத்திருந்திருக்கிறார்கள். எத்தனை பிளேட் ஆர்டர், அடுப்புக்கு யார் நிற்பது, கொடுத்த அட்வான்ஸைத் திருப்பிக் கேட்டால் என்ன செய்வது என்றெல்லாம் வந்த எபிசோடுகளில்தான் அந்தத் தொடருக்கு உயிர் இருந்தது. கோபியின் நெஞ்சுவலியும் குடியும் வந்த இடங்களில் நான் எழுந்து தேநீர் போடப் போய்விடுவேன்.

நாடகம் பார்க்கும்போது நான் கேட்டுக்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: இந்த மாதச் செலவுக்குப் பணம் எங்கிருந்து வந்தது? பதில் சொல்லும் நாடகம் மறு தொடக்கத்தைப் பற்றியது. பதில் சொல்லாத நாடகம் அரிச்சந்திரன்.

சென்னைப் பங்களாக் கதையைத் தோட்டத்து ஆட்கள் இவ்வளவு ஒட்டிக்கொண்டு பார்ப்பது ஏன்?

வீட்டுக்காகத்தான் என்று நினைக்கிறேன்.

அந்த நாடகங்களில் வீடு என்பது தாத்தா கட்டியது. அதற்காக அண்ணன் தம்பி அடித்துக்கொள்வார்கள், கையெழுத்தை ஏமாற்றி வாங்குவார்கள், வெளியே துரத்துவார்கள். ஆனால் அந்த வீடு எங்கேயும் போகாது. நமக்கு அப்படியில்லை. லயத்து வீடு, அதாவது தோட்டம் கொடுத்த வரிசை வீடு, வேலையோடு ஒட்டியது. வேலை நின்றால், வயதாகி ஓய்வு பெற்றால், வீட்டைக் காலி செய்ய வேண்டும். ஐம்பது ஆண்டு அதே அடுப்படியில் சமைத்திருந்தாலும் சுவர் தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளைகளில் ஒருவராவது தோட்டத்து வேலையிலேயே இருந்தால்தான் பல வீடுகளில் கிழவன் கிழவிக்கு இடம் இருந்தது.

அதற்கு மேல், தோட்டமே ஆட்டம் கண்டது. ஐம்பது, அறுபதுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்க, வாங்கியவர்கள் துண்டு போட்டார்கள், ஆட்களை நிறுத்தினார்கள். எங்கள் ஊர்க்காரர், மலேசிய இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960-ல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது இதற்காகத்தான். தொழிலாளிகளிடமே மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பங்குப் பணம் சேர்த்துத் தோட்டம் வாங்கும் திட்டம் அது. 1969-க்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் வேண்டும் என்றானது. பல்லாயிரம் பேர் கப்பலேறி, பார்த்தே இராத சொந்த ஊருக்குப் போனார்கள். பிறகு ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். அதற்கு ஆள் குறைவாகப் போதும். பட்டணத்துக்குப் பக்கத்துத் தோட்டங்கள் தாமான்களாயின. ஆட்கள் போனதும் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளிகளும் மூடப்பட்டன, சில இடம் மாறின. மலாயா விடுதலை பெற்ற 1957-ல் எண்ணூறுக்கு மேல் இருந்த தமிழ்ப் பள்ளிகள் இன்று ஐந்நூற்றுச் சொச்சம்.

இவ்வளவையும் பார்த்த ஒருவர், கையெழுத்துப் போட மாட்டேன் என்று பங்களா வாசலில் ஒரு பெண் கத்துவதைப் பார்க்கும்போது என்ன நினைப்பார்? எனக்குத் தெரிந்த ஒரு பெரியம்மா சொன்னது: “அதுக்காவது கையெழுத்துப் போடச் சொல்லிக் கேக்குறாங்க லா.”

அப்படியானால் தோட்டத்துக் கதையை ஏன் யாரும் நீளமாக எடுப்பதில்லை?

நம் நாட்டிலும் தமிழ் நாடகம் எடுக்கிறார்கள். அரசாங்கத்தின் ஆர்டிஎம் இரண்டாம் அலைவரிசையில் வந்திருக்கின்றன, கட்டணச் சேவையான அஸ்ட்ரோவின் வானவில்லிலும் விண்மீனிலும் வருகின்றன. நம் பேச்சு, நம் முகம், நம் கோப்பிக் கடை என்று பார்க்கவே நன்றாக இருக்கிறது. ஆனால் அவை பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடுகின்றன. தமிழ்நாட்டுத் தொடருக்குப் பின்னால் ஏழு கோடிக்கு மேற்பட்ட மக்கள் இருக்கிறார்கள். இங்கே இந்தியர்கள் எல்லோரையும் சேர்த்தாலே இருபது லட்சம் பேர். விளம்பரம் கொடுப்பவர் அந்தக் கணக்கைத்தான் பார்ப்பார்.

நீளம் இல்லாததால் என்ன நஷ்டம் என்று கேட்டால், இழப்பைச் சொல்ல ஒரு வாரம் போதும். தோட்டம் விற்கப்பட்ட செய்தி வருவது, கிராணி (தோட்டத்துக் கணக்கர்) வந்து நோட்டீஸ் கொடுப்பது, லாரியில் சாமான் ஏற்றுவது எல்லாம் ஐந்து எபிசோட். அதற்கப்புறம் இருக்கிறதே, அதற்குத்தான் ஐந்நூறு எபிசோட் வேண்டும். அப்பா பிரம்பைக் காட்டிப் பிள்ளையை வளர்த்த மனிதர், இப்போது தொழிற்சாலை வாசலில் காவலுக்கு நிற்கிறார். அம்மா மாடு வளர்த்த ஆள். அடுக்குமாடியில் மாட்டை எங்கே கட்டுவது? வளைவுக்கு வளைவு தெரிந்த முகமாக இருந்த இடத்திலிருந்து பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாத இடத்துக்கு வந்தாயிற்று. மகன் யாரோடு சேர்கிறான் என்று தெரியவில்லை. பிறப்புப் பத்திரம் எடுக்காமல் விட்டதால் ஒரு பிள்ளைக்கு அடையாள அட்டை சிக்கல். தோட்டத்து மாரியம்மனை எங்கே கொண்டுபோய் வைப்பது என்பதற்கே ஐம்பது எபிசோட் தாராளமாக ஓடும். அந்தக் கமிட்டிக் கூட்டங்களைப் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது புரியும்.

இதற்கு வில்லி தேவையில்லை. அதனால்தான் யாரும் துணிவதில்லையோ என்னவோ.

நடிகரே இறந்துவிட்டால் நாடகம் என்ன செய்கிறது?

‘எதிர்நீச்சல்’ தொடரில் வீட்டுப் பெண்களை அடக்கி வைக்கும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8 அன்று மாரடைப்பால் இறந்தார். அன்று காலை அதே தொடருக்கு டப்பிங் பேசிக்கொண்டிருந்தவர். “இந்தாம்மா ஏய்” என்று அவர் அதட்டுவதைக் கேட்டு எரிச்சல்பட்ட வீடுகளில் எல்லாம் அன்றைக்குச் சொந்தக்காரர் போன மாதிரி இருந்தது. கதையில் குணசேகரன் சாகவில்லை. கொஞ்ச நாள் ஆளைக் காணவில்லை என்று ஓட்டிவிட்டு, வேல ராமமூர்த்தியை அதே பாத்திரத்தில் கொண்டுவந்தார்கள். அவர் நல்ல நடிகர்தான்; ஆனாலும் பார்ப்பவர்கள் அவரைப் பழைய குணசேகரனின் தம்பி என்பது போலத்தான் பார்த்தார்கள்.

‘பாண்டியன் ஸ்டோர்ஸ்’ தொடரில் முல்லையாக நடித்த சித்ரா 2020 டிசம்பரில் இறந்தபோதும் இதே நிலைதான். இன்னொருவர் முல்லையானார், கதிரும் முல்லையும் வழக்கம் போலப் பேசிக்கொண்டார்கள். வீட்டில் உட்கார்ந்து பார்க்கிறவர்களுக்கு அழுகை, திரையில் இருக்கிறவர்களுக்கு எதுவுமே நடக்காத மாதிரி.

வேறு விதமாகவும் செய்யலாம். இங்கிலாந்தில் ‘கரோனேஷன் ஸ்ட்ரீட்’ என்ற தொடர் 1960 டிசம்பரிலிருந்து ஓடுகிறது. முதல் எபிசோடில் இளைஞனாக வந்த கென் பார்லோவாக அதே வில்லியம் ரோச்தான் அறுபது ஆண்டுக்கு மேல் நடித்து, அதே தெருவில் கிழவரானார். அவர் மனைவி டெய்ட்ரியாக நடித்த ஆன் கிர்க்பிரைட் 2015 ஜனவரியில் இறந்தார். அவர்கள் வேறு ஆளைப் போடவில்லை. டெய்ட்ரி வெளியூரில் தோழி வீட்டில் இருப்பதாகவே சில மாதம் கதை போனது. ஜூலையில், அவர் திரும்பி வருவதற்காக வீட்டில் விருந்து தயாராகும் நாளில் சாவுச் செய்தி வந்தது. நடிகைக்கு அழுததும் பாத்திரத்துக்கு அழுததும் அங்கே ஒன்றாகிவிட்டது. நம்மவர்கள் அப்படிச் செய்ய முடியாததற்குக் காரணம் உண்டு: குணசேகரன் போனால் கதையே போய்விடும், அந்த வீட்டுப் பெண்கள் யாரை எதிர்த்து நீந்துவது? புரிகிறது. இருந்தாலும் ஒரு வாரமாவது நிறுத்தி வைத்திருக்கலாம் என்பது என் ஆதங்கம்.

செத்தவர் திரும்பி வருகிறாரே?

உடலைக் காட்டவில்லை என்றால் வருவார். கார் பள்ளத்தில் விழுந்தால் கட்டாயம் வருவார். முகத்தில் கட்டோடு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தால் வேறு நடிகராக வருவார். இதைப் பற்றிக் கோபப்பட்டுப் பயனில்லை.

தாலி கழற்றுவது, பொட்டு அழிப்பது எல்லாம் ஒரு வாரம் காட்டுகிறார்கள். சரியா?

எனக்குப் பிடிக்காது. சடங்கு இருக்கிறது என்பதைக் காட்டுவது ஒன்று, கேமரா அதையே சுற்றிச் சுற்றி ஆறு கோணத்தில், பின்னால் ஒப்பாரி இசையோடு எடுப்பது இன்னொன்று. இங்கே பல குடும்பங்கள் அந்தப் பழக்கத்தைச் சத்தமில்லாமல் விட்டுக்கொண்டிருக்கின்றன. கணவன் போன பிறகும் பூவும் கலர்ச் சேலையுமாக வேலைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நாடகத்தைப் பார்த்துவிட்டு ஒரு மாமியார் அதைத் திரும்ப ஆரம்பித்தால் யார் பொறுப்பு?

ஒப்பாரியை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தோட்டத்தில் ஒப்பாரி பாடிய பாட்டிகள் செத்தவரின் குணம், கடன், சண்டை, பிள்ளைகளின் பெயர் எல்லாவற்றையும் பாட்டிலேயே சொல்லிவிடுவார்கள். எந்த நாடகத்திலும் சாவு வீட்டு வசனம் அந்தத் தரத்துக்குப் பக்கத்தில்கூட வந்ததில்லை.

அப்பா தவறி மூன்று மாதம் ஆகிறது. அம்மா எந்நேரமும் நாடகத்தில் மூழ்கியிருக்கிறார். விட்டுவிடலாமா, நிறுத்த வேண்டுமா?

இந்தக் கேள்விதான் அதிகம் வருகிறது. பெரும்பாலும் கோலாலம்பூரிலோ ஜொகூரிலோ வேலை செய்யும் பிள்ளைகள் கேட்கிறார்கள்.

டிவியை அணைக்காதீர்கள். துக்க வீட்டில் பதினாறாம் நாள் வரை ஆள் இருக்கும். அதற்குப் பிறகுதான் சாயங்காலம் நீளும். தினமும் ஒரே நேரத்துக்குத் தெரிந்த குரல்கள் வீட்டுக்குள் வருவதில் ஓர் ஆறுதல் உண்டு. நாடகத்தில் வரும் பெண்ணுக்காக அழுவது போல அம்மா தனக்காக அழுதுகொள்வார். தனக்காக அழுவதை யாரும் பார்க்கக் கூடாது என்று நினைக்கிற தலைமுறை அது. கூடவே உட்காருங்கள். “இவன் யாரு, அவளோட தம்பியா?” என்று கேளுங்கள். கதை சொல்ல ஆரம்பிப்பார். கதை சொல்கிறவர் பேசுகிறார் என்பதுதான் முக்கியம். கேலி மட்டும் வேண்டாம். ஊருக்குத் திரும்பிப் போன பிறகு போனிலும் அதையே கேளுங்கள். “சாப்பிட்டியாம்மா” என்பதற்கு வரும் பதிலைவிட நீளமான பதில் வரும்.

சாவுக் காட்சி வரப்போகும் வாரம் ப்ரோமோவிலேயே தெரிந்துவிடும். முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பார்ப்பதா வேண்டாமா என்பதை அம்மாவே முடிவு செய்யட்டும்.

ஆனால் சாப்பாடு இறங்கவில்லை, தூக்கம் இல்லை, குளிக்கவும் எழவில்லை என்று வாரக்கணக்கில் போனால் அது நாடகப் பிரச்சினை இல்லை. அரசாங்க கிளினிக்குக்கு அழைத்துப் போங்கள். யாரிடமாவது பேசினால் போதும் என்று தோன்றினால் பிஃப்ரெண்டர்ஸ் தொலைபேசிச் சேவை இருக்கிறது. ஈப்போவிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நாடகத்தில் கணவனை இழந்த பெண் அடுத்த நாள் சவால் விடுவாள். நிஜத்தில் அடுத்த நாள் தொடங்குவது படிவம் நிரப்புகிற வேலை: இறப்புப் பத்திரம், ஊழியர் சேமநிதியில் யார் பெயர் போட்டிருக்கிறது, சொக்சோ என்கிற தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில் குடும்பத்துக்கு மாதப் பணம் கிடைக்குமா, வீட்டுக் கடனுக்குக் காப்புறுதி இருந்ததா. அம்மாவைத் தனியாக அலைய விடாமல் இரண்டு நாள் லீவு போட்டு வந்து கூட நில்லுங்கள்.

கோவிட் காலத்தில் பழைய நாடகத்தை மறுபடி போட்டபோது ஏன் விரும்பிப் பார்த்தோம்?

2020 மார்ச்சில் இந்தியாவில் படப்பிடிப்பு நின்றது. சேனல்கள் பழையதை எடுத்து ஓட்டின. இங்கே மார்ச் 18 முதல் நடமாட்டக் கட்டுப்பாடு. நெருங்கியவர்கள் சாவுக்குக்கூட எல்லோரும் போக முடியாமல் இருந்த நேரம். அடுத்த வாரம் என்ன ஆகும் என்று யாருக்கும் தெரியாதபோது, முடிவு தெரிந்த கதை ஒன்றைப் பார்ப்பது நிம்மதியாக இருந்தது. யார் சாவார் என்று முன்பே தெரியும், அவருக்காக ஒருமுறை அழுதும் ஆயிற்று.

ஆண்கள் நாடகம் பார்க்கலாமா?

பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். கதை தெரியாதது போல “இன்னுமா இது முடியல?” என்று கேட்பார்கள். முந்தின நாள் நடந்ததைத் தவறாகச் சொல்லிப் பாருங்கள், உடனே திருத்துவார்கள்.

நேர வித்தியாசத்தால் கதை முன்பே தெரிந்துவிடுகிறதே, அல்லது நள்ளிரவு வரை விழித்திருக்க வேண்டியிருக்கிறதே?

நாம் இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். சென்னையில் இரவு ஒன்பதரை என்றால் இங்கே பன்னிரண்டு. காலை ஐந்து மணிக்கு எழுகிறவர்கள் விழித்திருக்காதீர்கள், நாளைக்குப் பார்த்தால் ஒன்றும் ஓடிப்போகாது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் கதையை உடைக்கும் சித்தப்பாவை மட்டும் கொஞ்சம் கண்டித்து வையுங்கள்.

இழந்து, மறுபடி தொடங்குவது பற்றி ஒரே ஒரு நாடகம் பார்க்க வேண்டும் என்றால்?

‘மெட்டி ஒலி’, அப்பாவுக்காக. நேரம் இல்லையென்றால் முதல் இரண்டு கல்யாணம் வரை பாருங்கள், போதும். வேலை செய்து எழும் பெண்ணைப் பார்க்க வேண்டுமானால் ‘கோலங்கள்’; ஆதி பழிவாங்கக் கிளம்பியதும் நிறுத்திக்கொள்ளலாம். இன்னும் புதிதாக ஒன்று வேண்டும் என்று கேட்பவர்களுக்கு, 2021-ல் தொடங்கிய ‘கயல்’ என்று சொல்வேன். அப்பா இல்லாத குடும்பம், நர்ஸ் வேலைக்குப் போகும் மூத்த மகள், கூடப் பிறந்தவர்களின் செலவு. பெரியப்பா செய்யும் சதிகளை ஓட்டிவிட்டு அவள் டூட்டிக்குப் போகிற காட்சிகளை மட்டும் பார்க்கிறேன் நான். வீட்டில் இதற்கு எதிர்ப்பு இருக்கிறது, ரிமோட் பெரும்பாலும் என் கையில் இருப்பதில்லை.